கோபுரமா, கான்கிரீட்டா?
கட்டடக் கலையில் பழைமையும் புதுமையும்

(மாகறலில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



உங்கள் ஊர்ப் படிப்பகத்துக்குப் புதுக் கட்டடம் எழுப்பப் போகிறீர்கள். அந்த நல்ல காரியத்தையொட்டி, கட்டடக் கலையைப் பற்றிச் சில வார்த்தைகள் பேச வேண்டுமென்று இளைஞர்கள் கேட்டுக் கொண்டார்கள். நான் இன்ஜினியர் அல்ல. பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு கட்சி வேலைக்கு வந்தவன். ஆனால் கட்டடம் என்பது இன்ஜினியர்களுக்கும் காண்டிராக்டர்களுக்கும் மட்டும் சொந்தமான விஷயமல்ல. அதைக் கட்டுகிறவன் தொழிலாளி. அதற்குப் பணம் கொடுப்பது மக்கள். அதில் வெயிலிலும் மழையிலும் குடியிருக்கப் போகிறவர்களும் மக்கள்தான். ஆகவே அதைப் பற்றிப் பேச நமக்குப் பூரண உரிமை உண்டு.

இங்கே இரண்டு அபிப்பிராயங்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். பெரியவர்கள் சிலர், "படிப்பகம் நம் மரபுப்படி இருக்க வேண்டும். முன்னால் மண்டபத் தூண்கள், மேலே ஒரு சிறு கோபுரம்" என்கிறார்களாம். இளைஞர்கள் சிலர், "அதெல்லாம் பழைய காலத்துச் சங்கதி. கண்ணாடி முகப்பு வைத்துக் கான்கிரீட்டில் பட்டணத்துக் கட்டடம் போலக் கட்டுவோம்" என்கிறார்களாம்.

இரு தரப்பாரும் பேசுவது கட்டடத்தின் முகத்தைப் பற்றி. முகத்துக்குப் பின்னால் இருக்கும் கேள்விகளை யாரும் கேட்கவில்லை. யாருக்காகக் கட்டுகிறோம்? எந்தப் பொருளைக் கொண்டு கட்டுகிறோம்? யார் கையால் கட்டுகிறோம்? உள்ளே உட்காருகிறவன் வியர்வை சிந்தாமல் உட்கார முடியுமா? இந்தக் கேள்விகளை வைத்துத்தான் நாம் பழைமையையும் புதுமையையும் எடை போட வேண்டும்.

குடிசை கற்றுக் கொடுத்த பாடம்

மரபு என்றால் என்ன? அதற்கு விடை தேடி நீங்கள் வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் ஊர் மாகறலீசுவரர் கோயில் விமானத்தை அண்ணாந்து பாருங்கள். படுத்திருக்கும் யானையின் முதுகைப் போல வளைந்திருக்கிறதல்லவா? கஜபிருஷ்டம் என்று சிற்ப நூல்காரர்கள் சொல்லுவார்கள். தூங்கானை மாடம் என்பது நம் தமிழ்ப் பெயர். இதே வடிவத்தை மாமல்லபுரத்தில் சகாதேவ ரதம் என்று பெயர் சூட்டப்பட்ட பாறைக் கோயிலிலும் காணலாம். பக்கத்திலேயே கல் யானை ஒன்றும் நிற்கிறது.

அந்த மாமல்லபுரத்தில் இன்னொன்று இருக்கிறது. திரௌபதி ரதம் என்பார்கள். அதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அது ஓர் ஓலைக் குடிசை! மூங்கிலை வளைத்து, கூரை வேய்ந்து, ஓரத்தைக் கத்தரித்து விட்ட குடிசையை அப்படியே கருங்கல்லில் செதுக்கியிருக்கிறான் ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி. கோயில்களில் கொடுங்கை என்று வளைந்து இறங்குகிறதே, அது என்ன? கூரையின் இறவாணம்தான். ஆவுடையார்கோயிலுக்குப் போனால், கல் கொடுங்கையின் அடிப்புறத்தில் மரக் கைகளும் ஆணிகளும்கூடக் கல்லிலேயே செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். கல்லுக்கு ஆணி எதற்கு? தச்சன் வேலையிலிருந்து கல்தச்சன் பாடம் படித்தான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டுமா?

அரசனின் கோயில் ஏழையின் குடிசையிடமிருந்து வடிவத்தைக் கடன் வாங்கியது. இதுதான் சரித்திரம். சாத்திரம் எழுதியவர்கள் பின்னால் வந்தார்கள். கூரை வேய்ந்தவன் முன்னால் வந்தான்.

இன்னொரு விஷயம். விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் மகேந்திரவர்மன் ஒரு குடைவரையைக் குடைவித்து, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமில்லாமல் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டில் பெருமையாகப் பொறித்து வைத்தான். அதாவது, அதுவரை வழக்கத்திலிருந்த பொருள்கள் அத்தனையையும் விலக்கிவிட்டேன் என்கிறான். அன்றைக்கு அது மரபு மீறல். இன்றைக்கு அதுதான் மரபு! அவனுக்கு ஏறத்தாழ நூறாண்டுக்குப் பின் காஞ்சியில் ராஜசிம்மன் கைலாசநாதர் கோயிலை எடுத்தபோது, பாறையைக் குடையவில்லை. கல்லைத் துண்டு துண்டாக வெட்டி அடுக்கினான். மீண்டும் ஒரு மாற்றம். மரபு என்பது தேங்கி நின்ற குட்டையல்ல, தோழர்களே! உங்கள் செய்யாற்றைப் போல வெள்ளம் வந்தால் கரையை மாற்றிக்கொண்டு ஓடும் ஆறு அது.

மரபில் கலந்திருக்கும் விஷம்

அப்படியானால் மரபு முழுவதும் மக்கள் சொத்து, அதை அப்படியே தலையில் வைத்துக் கொண்டாடலாமா? கூடாது.

மனைநூல்கள் நிலத்தை எப்படிப் பாகுபடுத்துகின்றன, தெரியுமா? வெள்ளை மண் பிராமணனுக்கு, சிவப்பு மண் க்ஷத்திரியனுக்கு, மஞ்சள் மண் வைசியனுக்கு, கறுப்பு மண் சூத்திரனுக்கு! மண்ணுக்கே சாதி வகுத்தார்கள். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு ஊருக்குள் மண்ணே இல்லை. அவர்கள் சேரிக்குத் துரத்தப்பட்டார்கள். ஒரு பக்கம் அக்கிரகாரம், நடுவில் கோயில், ஒதுக்குப்புறத்தில் சேரி. இதுவும் நம் பாரம்பரியக் கட்டடக் கலைதான். 1939-ல் மதுரை மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது. 1947-ல் சென்னை மாகாணத்தில் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. அதுவரை எத்தனையோ கோயில்களின் கல்லைச் சுமந்தவனின் பேரப் பிள்ளைகள் அந்தக் கோயிலின் வாசற்படியை மிதிக்க முடியவில்லை.

கான்கிரீட்டும் சிமெண்டும் வந்தால் இந்தக் கொடுமை தானாக ஒழிந்துவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு மதுரை மாவட்டத்து உத்தப்புரத்தை ஞாபகப்படுத்துகிறேன். தாழ்த்தப்பட்ட மக்களைத் தடுக்க அங்கே எழுப்பப்பட்ட சுவர் பல்லவர் காலத்துச் சுவரல்ல. இந்த நாட்டில் தீண்டாமை சட்டப்படி ஒழிக்கப்பட்டு பல்லாண்டுகள் ஆனபின் எழுந்த சுவர். மக்கள் போராடிய பிறகு, 2008-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள்தான் அதன் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. பொருள் புதுசு, புத்தி பழசு. ஆகவே புதுப் பொருள் வந்ததாலேயே புதுமை வந்துவிட்டதென்று ஏமாந்துவிடக் கூடாது.

வெள்ளைக்காரன் கண்ட பாரம்பரியம்

நம் பாரம்பரியக் கட்டடக் கலையை நவீன கட்டடங்களுக்கு முகமூடியாக மாட்டுவதை முதலில் பெரிய அளவில் செய்தவன் வெள்ளைக்காரன்தான். 1857 எழுச்சிக்குப் பிறகு, 'நாங்கள் அந்நியரல்ல, முகலாயருக்கும் நாயக்கருக்கும் வாரிசுகள்' என்று காட்டிக்கொள்ள வேண்டிய அவசியம் ஏகாதிபத்தியத்துக்கு ஏற்பட்டது. இந்தோ-சாரசெனிக் என்ற பாணி பிறந்தது. சிஷோம் என்ற இன்ஜினியர் சென்னைச் சேப்பாக்கத்தில் பல்கலைக்கழக செனட் மண்டபத்தைக் கட்டினார். இர்வின் கட்டி முடித்த உயர்நீதிமன்றம் 1892-ல் திறக்கப்பட்டது. எழும்பூர் ரயில் நிலையம் 1908-ல் திறக்கப்பட்டது. குவிமாடங்களும், வளைவுகளும், செங்கல் வேலைப்பாடும் கண்ணுக்கு அழகானவை. அவற்றைக் கட்டிய நம் கொத்தனார்களின் கைத்திறனை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

ஆனால் ஒரு கணக்கைப் பாருங்கள். செனட் மண்டபம் எழுந்தது 1874 முதல் 1879 வரை. சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சம் 1876 முதல் 1878 வரை. லட்சக்கணக்கான ஜனங்கள் கஞ்சியில்லாமல் மாண்ட அதே ஆண்டுகளில், கடற்கரையில் அந்த வண்ண மாடங்கள் உயர்ந்து கொண்டிருந்தன. மக்களுக்குச் சோறு போட மறுத்த ஆட்சி, மக்களின் பாரம்பரியத்தைச் சுவரில் பூசிக் கொண்டது!

புது டில்லியும் இதே கதைதான். 1911-ல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டது; 1931-ல் புது நகரம் திறக்கப்பட்டது. லட்யன்ஸ் கட்டிய வைசிராய் மாளிகையின் கும்மட்டத்தில் சாஞ்சி ஸ்தூபியின் வேலி வடிவம் இருக்கிறது. புத்தர் பெயரால் எழுந்த ஸ்தூபி 340 அறைகள் கொண்ட அரண்மனைக்குத் தொப்பியாயிற்று. பதினாறே ஆண்டுகளில் அந்த ஆட்சி மூட்டை கட்டியது.

சுதந்திரத்துக்குப் பின்

சுதந்திரம் வந்தபின் நம்மவர்கள் என்ன செய்தார்கள்? பெங்களூரில் முதல் மந்திரி கெங்கல் அனுமந்தையா விதான சௌதாவை எழுப்பினார். 1951-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1956-ல் கட்டி முடிந்தது. ஊரைப் பார்க்க வந்த சோவியத் தூதுக்குழுவினர், 'இதெல்லாம் ஐரோப்பியக் கட்டடமாயிருக்கிறதே, உங்களுடையது எங்கே?' என்று கேட்டதுதான் அவருக்கு உறைத்தது என்று சொல்வதுண்டு. வெள்ளைக்காரன் கட்டிய கச்சேரிக்கு எதிரே, அதைவிடப் பெரிதாக, கருங்கல்லில், திராவிட பாணியில் நம் சட்டசபை நின்றது. அடிமைப்பட்டிருந்த தேசம் நிமிர்ந்து நின்ற செயல் அது. அதில் நியாயமான பெருமிதம் உண்டு.

தமிழ்நாட்டில் வள்ளுவர் கோட்டம். கணபதி ஸ்தபதி அமைத்தது. திருவாரூர்த் தேரைப் போன்ற கல் தேர், 1330 குறள்களும் பொறித்த மண்டபம். கலைஞர் கருணாநிதி ஆட்சியில் வேலை நடந்தது. அந்த ஆட்சி 1976 ஜனவரியில் கலைக்கப்பட்டு, அவசர நிலைக் காலத்தில், ஏப்ரலில் திறப்பு விழா நடந்தது. 2000-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் குமரி முனையில் 133 அடி வள்ளுவர் எழுந்ததும் அதே ஸ்தபதியின் கைவண்ணம். இவற்றால் ஒரு நன்மை விளைந்தது. மன்னர்களும் ஜமீன்தார்களும் போனபின் வேலையற்றுப் போகவிருந்த சிற்பிகளுக்கு வேலை கிடைத்தது. மாமல்லபுரத்தில் 1957-ல் சர்க்கார் தொடங்கிய சிற்பப் பள்ளியில் சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் உளி பிடிக்கக் கற்றார்கள். அந்த வித்தை அழியவில்லை.

ஆனால் இந்தக் கட்டடங்கள் நினைவுச் சின்னங்கள். மக்கள் குடியிருக்கும் வீடுகள் அல்ல. ஞாபகார்த்தத்துக்கு மரபு, குடியிருப்புக்குத் தீப்பெட்டி! இதுதான் இன்றுவரை நம் நாட்டில் நடக்கும் வேலைப் பிரிவினை.

சோஷலிச நாட்டு அனுபவம்

இந்தப் பிரச்னை சோஷலிச நாட்டையும் விடவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாஸ்கோவில் ஏழு வானளாவிய கட்டடங்கள் எழுந்தன. உச்சியில் கூர்ங்கோபுரம், சுவரெங்கும் சிற்பம். 1953-ல் முடிந்த மாஸ்கோ பல்கலைக்கழகக் கட்டடம் 240 மீட்டர் உயரம். தொழிலாளியின் மகன் அரண்மனையில் படித்தான்; அது சாமானியமான விஷயமல்ல. ஆனால் அதே நேரத்தில் லட்சக்கணக்கான குடும்பங்கள் ஓர் அறையில் முடங்கிக் கிடந்தன. 1954 டிசம்பரில் கட்டடத் தொழிலாளர், நிபுணர் மாநாட்டில் குருஷ்சேவ் இந்த வீண் அலங்காரங்களைக் கடுமையாகத் தாக்கினார். 1955 நவம்பரில் கட்சியும் சர்க்காரும் தீர்மானம் போட்டன. தூணையும் சிலையையும் நிறுத்து, வீட்டைக் கட்டு!

அதற்குப் பின் தொழிற்சாலையில் வார்த்த பலகைகளைக் கொண்டு ஐந்து மாடி வீடுகள் அணி அணியாக எழுந்தன. கோடிக்கணக்கான மக்கள் முதன்முறையாகச் சொந்தக் கதவைச் சாத்திக்கொண்டு உறங்கினார்கள். ஆனால் எந்த ஊரும் எந்த ஊரென்று அடையாளம் தெரியாதபடி ஒரே அச்சாக ஆயிற்று என்ற குறையும் எழுந்தது. அலங்காரத்துக்காக மனிதனை மறந்தால் ஒரு கஷ்டம். கணக்குக்காக மனிதனை மறந்தால் இன்னொரு கஷ்டம். இரண்டையும் சரித்திரம் நமக்குக் காட்டியிருக்கிறது.

மலையாள நாட்டில் ஒரு வழி

இதற்கு நடுவே ஒரு வழி உண்டா? உண்டு. பக்கத்துக் கேரளத்தைப் பாருங்கள். லாரி பேக்கர் என்ற ஆங்கிலேயர் 1945-ல் தொழுநோயாளிகளுக்குத் தொண்டு செய்ய இந்தியாவுக்கு வந்தவர்; 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்தார். தோழர் அச்சுத மேனன் முதல்வராயிருந்த காலத்தில் தொடங்கிய வளர்ச்சி ஆராய்ச்சி மையத்தின் கட்டடங்களை அவர்தான் கட்டினார். 1985-ல் குறைந்த செலவு வீடுகளுக்காக காஸ்ட்ஃபோர்டு என்ற ஸ்தாபனம் உருவானபோதும் அச்சுத மேனனும் பேக்கரும் சேர்ந்தே நின்றார்கள்.

பேக்கர் செய்தது என்ன? கோபுரம் வைக்கவில்லை, தூணில் யாளி செதுக்கவில்லை. நம் கொத்தனார்களும் தச்சர்களும் ஏன் அப்படிக் கட்டினார்கள் என்று காரணத்தைக் கேட்டார். செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்தி அடுக்கி நடுவே வெற்றிடம் விட்டார். எலிப்பொறிக் கட்டு என்று பெயர். ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். வெயிலும் உள்ளே சுலபமாக இறங்காது. தளம் போடும்போது, அடிப்பாகத்துக் கான்கிரீட் சுமையைத் தாங்குவதில்லை, கம்பிதான் தாங்குகிறது என்பதால், அந்த இடத்தில் பழைய ஓடுகளைப் பதித்துச் சிமெண்டைக் குறைத்தார். கண்ணாடிச் சன்னலுக்குப் பதில் செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கிக் காற்றை வரவழைத்தார். மரத்தை வெட்டாமல், மேட்டைச் சமன் செய்யாமல், இருக்கும் நிலத்தோடு ஒத்துக் கட்டினார்.

மரபின் முகத்தை எடுத்தவர்களுக்கும் மரபின் மூளையை எடுத்தவருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஆனால் இங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு கைதட்ட வேண்டாம். பூசாத செங்கல்லையும் மண் சுவரையும் பணக்காரர்கள் அழகென்று ரசிக்கலாம். நம் ஏழை ஜனங்கள் கான்கிரீட் கூரைக்கு ஏங்குகிறார்கள். ஏன்? அவர்களுக்குக் குடிசை என்றால் ஒழுகும் மழை, பாம்பு, நெருப்பு. 1968 டிசம்பர் 25-ஆம் நாள் கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். கூரை வீட்டின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் அந்தச் சாம்பலை மறந்துவிட்டுப் பேசக் கூடாது. எரியாத கூரை வேண்டுமென்பது ஆடம்பரமல்ல. அது உயிருக்கும் மானத்துக்கும் கேட்கும் உத்தரவாதம்.

தறிக்கு இடம் எங்கே?

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். காஞ்சிபுரத்து நெசவாளியின் பழைய வீட்டை நினைத்துப் பாருங்கள். தெருப்பக்கம் திண்ணை. உள்ளே நுழைந்ததும் நீண்ட கூடம், அங்கே குழித்தறி. நடுவில் முற்றம், வெளிச்சத்துக்கும் காற்றுக்கும். மேலே ஓடு அல்லது சுண்ணாம்புத் தளம். இது யாரோ ராஜாவின் ஆஸ்தான ஸ்தபதி வகுத்ததா? இல்லை. தறி வகுத்தது! குழியின் ஈரம் பாவு அறுந்து போகாமல் காத்தது. ஜக்கார்டு பெட்டியைத் தறியின் மேலே ஏற்றிய காலத்தில் கூடத்தின் உயரம் கைகொடுத்தது. பாவை விரித்துக் கஞ்சி போடத் தெருவே நீண்டு கிடந்தது. வீட்டு அம்மாள் அடுப்பையும் பார்த்துக்கொண்டு தாரும் சுற்றினாள். வேலையும் வாழ்க்கையும் சேர்ந்து பெற்ற பிள்ளை அந்த வீடு. உண்மையான மரபு அதுதான்.

இன்று என்ன நிலைமை? மத்திய சர்க்காரின் கிராம வீட்டுத் திட்டத்தில் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி. 2024-ல் மாநில சர்க்கார் தொடங்கிய கனவு இல்லத் திட்டத்தில் 360 சதுர அடி. குடிசையிலிருந்த குடும்பத்துக்கு ஒழுகாத கூரை கிடைக்கிறது. வரவேற்கிறோம், இன்னும் கேட்கிறோம். ஆனால் தறி, குழி, நெய்பவர் உட்காரும் இடம், கோர்வைக்குத் துணையாள் உட்காரும் இடம், விரித்த பாவு இத்தனையும் சேர்ந்தால் ஓர் அறையையே விழுங்கிவிடுமே! 269 சதுர அடியில் தறியைப் போட்டால் மனிதன் எங்கே படுப்பான்? மனிதன் படுத்தால் தறி எங்கே நிற்கும்?

தறிக்கு இடமில்லாவிட்டால் நெசவாளி முதலாளியின் கொட்டகைக்குப் போவான். வீட்டிலிருந்து தார் சுற்றிய பெண்ணும் முதியவரும் செய்த வேலைக்கு வழியில்லாமல் போகும். வீட்டின் அளவில் சில அடி குறைந்தால் குடும்பத்தின் சுதந்திரமே குறைந்து போகிறது. காஞ்சிப் பட்டுக்கு 2005-ல் புவிசார் குறியீடு கொடுத்துப் பாரம்பரியம் என்று முத்திரை குத்தினார்கள். சேலை பாரம்பரியம், அதை நெய்கிற வீடு பாரம்பரியமில்லையா?

கட்டுகிறவர்களையும் மறக்க வேண்டாம். 1994-ல் தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் அமைந்தது தொழிலாளர் போராட்டத்தின் பலன். அப்படியும், சித்தாளாகச் செங்கல் சுமக்கும் பெண் ஆயுள் முழுதும் சித்தாளாகவே இருக்கிறாள். அவள் கையில் கரண்டியைக் கொடுக்க மரபும் சம்மதிக்கவில்லை, புதுமையும் சம்மதிக்கவில்லை! எலிப்பொறிக் கட்டையும் ஓடு பதித்த தளத்தையும் நம் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தால், அவர்களும் கொத்தனார் கூலி வாங்குவார்கள்.

நாம் செய்ய வேண்டியது

ஆகவே என் யோசனை இது. படிப்பகத்துக்கு கோபுரமும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். கண்ணாடி முகப்பு சித்திரை வெயிலில் அடுப்பாகும். பிறகு குளிர்சாதனப் பெட்டிக்கும் மின்சாரத்துக்கும் வசூல் செய்ய வேண்டி வரும். வெளியே அகலமான திண்ணை போடுங்கள். வேலை முடிந்து வருகிறவர் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து பத்திரிகை படிக்கட்டும். எந்தத் தெருக்காரரும் தயங்காமல் ஏறுகிற திண்ணையாக அது இருக்கட்டும். பழைய திண்ணைக்கு இல்லாத அந்தக் குணத்தை நாம் புதிதாகச் சேர்ப்போம். கூரை எரியாததாக, ஒழுகாததாக இருக்கட்டும். காற்று வர சாளரம் வையுங்கள். உள்ளூர்க் கொத்தனாரையும் சித்தாளையும் கலந்து பேசி, கூலியை முன்கூட்டியே பேசி முடித்துக் கட்டுங்கள்.

அதோடு நின்றுவிடக் கூடாது. கிராம சபையில் எழுந்து நின்று கேளுங்கள்: நெசவாளர் குடும்பத்துக்கு வீடு கொடுத்தால் தறிக்கூடத்தோடு கொடு! உயரத்தையும் அகலத்தையும் நெசவாளியைக் கேட்டு நிர்ணயம் செய்! விவசாயத் தொழிலாளிக்கு வீடு கொடுத்தால் ஊருக்குள் இடம் கொடு, ஒதுக்குப்புறத்தில் தள்ளாதே! சுவரின் படத்தை அதிகாரி போடலாம். ஆனால் வாழப் போகிறவன் கையெழுத்து அதில் இருக்கட்டும்!

கல்லிலே குடிசையைச் செதுக்கிய சிற்பியின் பெயர் நமக்குத் தெரியாது. அந்தக் குடிசையை முதலில் வேய்ந்தவன் பெயரும் தெரியாது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக அவன் வடிவத்தை எடுத்துக் கொண்டார்கள்; அவனுக்கு ஒரு நல்ல வீட்டை இன்னும் கொடுக்கவில்லை. அந்தக் கடனை வசூலிக்க வேண்டிய பொறுப்பு, தோழர்களே, இங்கே கூடியிருக்கும் நம்முடையது.